ஏர் ரைபிளில் குறி சிதறுகிறதா? பெல்லட் டப்பாவை மாற்றும் முன்னும் பின்னும்

"ஏனுங்க சார், வெளிநாட்டு டப்பா ஒண்ணு வாங்கிக் குடுத்தா தம்பி பத்து பத்தா அடிச்சிருவானுங்களா?"

ரேஞ்சுக்குப் பிள்ளைகளைக் கூட்டி வரும் பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். பதில் எப்போதும் ஒன்றுதான்: "முதல்ல ரெஸ்ட்டுல வெச்சு அடிச்சுப் பாருங்க. அப்புறம் டப்பாவைப் பத்திப் பேசலாம்." ரெஸ்ட் என்பது ரைபிளை அசையாமல் தாங்கும் மணல் மூட்டை போன்ற தாங்கி. சில நேரம் பெல்லட்டே, அதாவது ரைபிளில் போடும் சின்ன ஈயக் குண்டே, காரணமாக இருக்கும். பல நேரம் இருக்காது. தாளில் துளைகள் எப்படி விழுந்திருக்கின்றன என்று பார்த்தாலே பாதிக் காரணம் தெரிந்துவிடும். அதனால் இதை அறிகுறி அறிகுறியாக எழுதுகிறேன். உங்கள் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இங்கே பேசுவது 4.5 மி.மீ. ஏர் ரைபிள் பற்றி. 2016 ஆயுத விதிகளின்படி, 4.5 மி.மீ. குழலும் 20 ஜூல் ஆற்றலும் தாண்டாத ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை. போட்டி ரைபிள்கள் ஏழரை ஜூல் அளவில்தான் வேலை செய்கின்றன. வெடிமருந்துத் தோட்டா சுடும் .22 ரைபிள் பற்றியும் கடைசிப் பக்கம் கொஞ்சம் சொல்கிறேன், அதில் வரும் கேள்வி வேறு.

முதலில் ஒரு கணக்கு

10 மீட்டர் தாளில் உச்ச மதிப்பெண்ணான பத்து என்பது 0.5 மி.மீ. புள்ளி. 4.5 மி.மீ. பெல்லட்டின் விளிம்பு அந்தப் புள்ளியைத் தொட்டாலே பத்து. அதாவது துளையின் மையம் தாளின் மையத்திலிருந்து 2.5 மி.மீ.க்குள் விழ வேண்டும். தசமக் கணக்கில் (பத்தையும் 10.0 முதல் 10.9 வரை பிரித்து எண்ணும் முறை) ஒவ்வொரு 0.1 புள்ளிக்கும் கால் மில்லிமீட்டர். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் இறுதிச் சுற்றில் அபினவ் பிந்த்ரா கடைசியாக அடித்தது 10.8. மையத்திலிருந்து அரை மில்லிமீட்டருக்குள் விழுந்த குண்டு அது.

இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். எல்லாக் குண்டும் பத்து ஆக, குரூப்பின் (சேர்ந்து விழுந்த துளைகளின் கூட்டம்) வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை 9.5 மி.மீ. இருந்தால் போதும், குரூப் நடுவில் இருக்க வேண்டும், அவ்வளவே. நல்ல போட்டி ரைபிள், பொருந்திய பெல்லட், அசையாத ரெஸ்ட் மூன்றும் சேர்ந்தால் ஐந்து குண்டும் 6 மி.மீ. அகலத்துக்குள் ஒரே துளையாக விழும். ஆகவே பெல்லட்டால் நாம் சம்பாதிப்பது ஒன்றிரண்டு மில்லிமீட்டர். அதற்கு மேல் சிதறினால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது.

ரெஸ்ட்டில் நன்றாக விழுகிறது, தோளில் வைத்தால் சிதறுகிறது

பெல்லட்டை விட்டுவிடுங்கள். அது நிற்கும் முறை, மூச்சு, டிரிகர் சம்பந்தப்பட்டது, பயிற்சியாளரிடம் பேச வேண்டியது. இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு புது டப்பா தேடும் பெற்றோரைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். அந்தக் காசில் பிள்ளைக்கு இன்னும் நாலு டப்பா பயிற்சிப் பெல்லட் வாங்கிக் கொடுக்கலாம்.

ரெஸ்ட்டிலும் எல்லாப் பக்கமும் சிதறுகிறது

முதலில் திருகுகள். தோளில் வைக்கும் கட்டையையும் குழல் பகுதியையும் பிடித்திருக்கும் திருகு, குறி பார்க்கும் சைட்டைப் பிடித்திருக்கும் திருகு இரண்டையும் சாவி போட்டுப் பாருங்கள். கண்ணருகே உள்ள பீப் சைட்டை இரண்டு விரலால் லேசாக அசைத்தால் துளி ஆட்டம்கூட இருக்கக் கூடாது. இது முடிந்த பிறகுதான் குழல், அதற்கும் பிறகுதான் பெல்லட்.

குழலில் ஈயம் ஒட்டியிருந்தால் நல்ல பெல்லட்டும் சிதறும். இதற்கென்றே விற்கும் ஃபெல்ட் கட்டைகளை ஏற்றும் பக்கத்திலிருந்து விட்டு, கறுப்பு வருவது நிற்கும் வரை துடையுங்கள். நம் ஊர்ப் பட்டறைகளில் எதற்கெடுத்தாலும் திருப்பூர் பனியன் வேஸ்ட்தான். ரைபிளின் வெளிப்புறத்துக்கு அது அருமையான துணி. குழலுக்குள் மட்டும் விடாதீர்கள், நூல் பிரிந்து உள்ளே சிக்கும். துடைத்த பின் முதல் சில குண்டுகள் இடம் மாறித்தான் விழும், குழல் பழையபடி படிய வேண்டும். அவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இதெல்லாம் பார்த்தும் சிதறல் நிற்கவில்லை என்றால், இப்போது டப்பாவை எடுக்கலாம்.

பெல்லட்டை விரலில் எடுத்துக் கவனித்தால் மூன்று பகுதி தெரியும்: தட்டையான தலை, ஒடுங்கிய இடுப்பு, பின்னால் குழிந்த பாவாடை. தலைதான் குழலின் வரிகள் மேல் உட்கார்ந்து நேராகப் போகிறது. பாவாடை காற்றழுத்தத்தில் விரிந்து குழலை அடைக்கிறது. தலை சிறுத்தால் பெல்லட் குழலுக்குள் தள்ளாடும், பெருத்தால் நசுங்கி வடிவம் மாறும். அதனால்தான் ஒரே பெயருள்ள பெல்லட்டை 4.49, 4.50, 4.51, 4.52 என்று தலை அளவு பிரித்து விற்கிறார்கள். ஆர்.டபிள்யூ.எஸ்., ஹெச் அண்ட் என், ஜேஎஸ்பி நிறுவனங்கள் எல்லாமே இப்படித்தான் போட்டிப் பெல்லட்டைத் தருகின்றன.

எந்த அளவு உங்கள் குழலுக்குச் சேரும் என்பதைக் குழலை அளந்து கண்டுபிடிக்க முடியாது. கோவைக்காரர்களுக்கு இதை ஏற்பது கஷ்டம். கணபதி, பீளமேடு பக்கம் லேத் ஓட்டிப் பழகியவர்கள் மைக்ரோமீட்டரை எடுத்து, "குழல் இத்தனை, குண்டு இத்தனை, இடைவெளி இத்தனை" என்று கணக்குப் போடுவார்கள். இரும்பில் அந்தக் கணக்கு செல்லும். மெல்லிய ஈயத்தில் மைக்ரோமீட்டர் தொட்டதுமே அளவு மாறிவிடும், குழலும் முழு நீளத்துக்கு ஒரே விட்டத்தில் இருப்பதில்லை. அடித்துப் பார்ப்பது ஒன்றே வழி.

அடிக்கும் முறை இப்படி. ரைபிளின் முன்பகுதியை மணல் மூட்டை மேல் வையுங்கள். பழைய ஜீன்ஸ் காலை வெட்டி எம்சாண்ட் நிரப்பித் தைத்தால் நல்ல மூட்டை கிடைக்கும். தடிமனான அட்டையில் அடியுங்கள். தட்டைத் தலைப் பெல்லட் அட்டையைப் பஞ்சிங் மிஷின் போல வட்டமாக வெட்டும், அளக்க வசதி. ஒவ்வொரு தலை அளவிலும் பத்துப் பத்துக் குண்டாகச் சில குரூப் அடித்து, வெர்னியரால் வெளி விளிம்பை அளந்து, அட்டையின் ஓரத்திலேயே எழுதுங்கள். ஐந்து குண்டு குரூப் அதிர்ஷ்டத்திலும் அழகாக விழும், பத்து குண்டு பொய் சொல்லாது. அப்புறம், மிகச் சிறந்த குரூப்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எல்லா குரூப்பின் சராசரியும், அதைவிட முக்கியமாக, மிக மோசமான குரூப்பும் என்ன சொல்கின்றன என்று பாருங்கள். போட்டியில் 60 குண்டு அடிக்க வேண்டும், அங்கே மோசமானதுதான் மதிப்பெண்ணைத் தின்னும்.

இதில் ஒரு கண்டிப்பு: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். பெல்லட்டையும் மாற்றி, சைட்டையும் திருப்பி, காற்றுச் சிலிண்டரையும் நிரப்பிவிட்டு "இப்போ சரியாயிருச்சு" என்றால், எது சரி செய்தது என்று யாருக்கும் தெரியாது.

ஒன்பது குண்டு ஒரே துளையில், ஒன்று மட்டும் ஓடிப்போகிறது

இதுதான் பெல்லட்டின் சொந்தக் குற்றம். அநேகமாகப் பாவாடை நெளிந்திருக்கும். ஒரு பக்கம் நெளிந்தால் குழல் வாயை விட்டு வெளியேறும் நொடியில் காற்று அந்தப் பக்கம் முந்திக்கொண்டு கசியும், குண்டு திரும்பிவிடும்.

கண்டுபிடிக்கக் கண்ணாடித் துண்டு ஒன்று போதும். லேசாகச் சாய்த்து வைத்து பெல்லட்டை உருட்டுங்கள். தலைக்கும் பாவாடைக்கும் விட்டம் வேறு என்பதால் நேராகப் போகாது, வில் போல வளைந்து உருளும். நல்ல பெல்லட்டுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே வளைவில் உருண்டு ஒரே இடத்தில் போய்ச் சேரும். நெளிந்தது தத்தித் தத்திப் போகும், அல்லது பாதியில் நின்றுவிடும். அவற்றைப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள்.

டப்பாவைக் கீழே போட்டது, பையில் போட்டுக் குலுக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தது, டப்பாவிலிருந்து கைநிறைய அள்ளியது எல்லாமே பாவாடையை நெளிக்கும். ஒவ்வொன்றாகப் பள்ளத்தில் அடுக்கி வரும் பெட்டிகள் போட்டிக்கு நல்லது. பெல்லட் மேல் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் ஈயம் காற்றில் கெட்டுப்போக ஆரம்பித்திருக்கிறது. அதைப் பயன்படுத்தாதீர்கள், ஊதவும் செய்யாதீர்கள். அந்தப் பொடி மூச்சில் போகக் கூடாது.

எடை பார்க்கலாமா என்று அடுத்த கேள்வி வரும். ராஜ வீதி நகைப் பட்டறைகளில் இருக்கும் மில்லிகிராம் தராசு இங்கே பலருக்குக் கைக்கெட்டும் பொருள், அதனால் ஆசையும் வரும். ரைபிள் பெல்லட் ஒன்று சுமார் 0.53 கிராம். அதில் 5 மில்லிகிராம் வித்தியாசம் என்றால் ஒரு சதவீதம். வேகம் அரை சதவீதம் மாறும். 170 மீட்டர் வேகத்தில் போகும் குண்டு 10 மீட்டரில் கால் மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் ஏறி இறங்கும். ஒரு தசமப் புள்ளிகூட இல்லை. எனவே என் கருத்து: உருட்டிப் பார்ப்பதில் செலவிடும் நேரம் எடை போடுவதில் செலவிடும் நேரத்தைவிடப் பலன் தரும். 50 மீட்டருக்குக் குவிந்த தலைப் பெல்லட் அடிப்பவர்கள் எடை போடட்டும், அங்கே அது மதிப்புள்ள வேலை.

மேலும் கீழுமாக நீண்டு விழுகிறது, பக்கவாட்டில் சிதறல் இல்லை

வேகம் ஒரே சீராக இல்லை. பெல்லட்டுக்கு முன் காற்றைப் பாருங்கள்.

குண்டு 170 மீட்டர் வேகத்தில் போனால் 10 மீட்டர் போவதற்குள் 17 மி.மீ. கீழே இறங்குகிறது. வேகம் 160 ஆகக் குறைந்தால் 19 மி.மீ. இரண்டு மில்லிமீட்டர் கீழே, அதாவது எட்டுத் தசமப் புள்ளி போச்சு. அழுத்தக் காற்றைச் சிலிண்டரில் அடைத்துச் சுடும் ரைபிளில் உள்ளே இருக்கும் ரெகுலேட்டர்தான் வேகத்தைச் சீராக வைக்கிறது. சிலிண்டர் அழுத்தம் ரெகுலேட்டரின் அளவுக்குக் கீழே போனதும் குண்டுகள் ஒவ்வொன்றாகத் தாழ ஆரம்பிக்கும். தாளில் இது தெளிவாகத் தெரியும்: முதல் குண்டு மேலே, கடைசிக் குண்டு கீழே, வரிசையாக. நிரப்பியதும் சரியானால் விஷயம் முடிந்தது. நிரப்பியும் மேலும் கீழும் தாறுமாறாக விழுந்தால் ரெகுலேட்டர் அல்லது சீல் தேய்ந்திருக்கிறது. அதை வீட்டில் பிரிக்காதீர்கள், பழுது பார்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

நிரப்புவது பற்றி மட்டும் நின்று சொல்ல வேண்டும். போட்டி சிலிண்டரின் அழுத்தம் 200 பார். பஞ்சர் கடை கம்ப்ரசரும் பட்டறைக் கம்ப்ரசரும் பத்து பார் அளவில் நிற்பவை, அவற்றால் ஆகாது. அதற்காகப் பக்கத்து வெல்டிங் பட்டறையின் ஆக்சிஜன் சிலிண்டரைப் பார்க்காதீர்கள். ஆக்சிஜன் அழுத்தத்தில் எண்ணெய்ப் பசை கொஞ்சம் பட்டாலும் தீப்பிடித்து வெடிக்கும். ரைபிளுக்குள் எண்ணெய்ப் பசை எப்போதும் இருக்கும். முகத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சுடும் பொருள் அது. உலர்ந்த காற்று, இதற்கென்று உள்ள கைப்பம்பு அல்லது முக்குளிப்பவர்கள் பயன்படுத்தும் உயரழுத்த சிலிண்டர், வேறெதுவும் கூடாது. சிலிண்டர் மேல் தயாரித்த தேதி அடித்திருக்கும். போட்டி சிலிண்டருக்குப் பத்து வருட ஆயுள் என்று பல தயாரிப்பாளர்கள் வைத்திருக்கிறார்கள். பழைய ரைபிள் வாங்குபவர்கள் விலை பேசும் முன் அந்தத் தேதியைப் படியுங்கள்.

பக்கவாட்டில் மட்டும் நகர்கிறது

ரைபிள் சாய்கிறது. ஐந்து டிகிரி சாய்த்தால் குண்டு சாய்ந்த பக்கம் ஒன்றரை மில்லிமீட்டர் போகும், ஆறு தசமப் புள்ளி. முன் சைட்டில் குமிழ் மட்டம் போட்டுப் பாருங்கள். சாய்த்துப் பிடிப்பது தவறில்லை, ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு சாய்க்க வேண்டும்.

திறந்த வெளியில் அடிப்பவர்களுக்கு இன்னொரு காரணம் உண்டு. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பல்லடம், உடுமலைக் காற்றாலைகளைச் சுற்றும்போது அரை கிராம் பெல்லட்டைச் சும்மா விடாது. அந்த மாதங்களில் தோட்டத்தில் பெல்லட் சோதனை வேண்டாம். நாலு சுவருக்குள் செய்யுங்கள், அல்லது காற்று எழும் முன் விடியற்காலையில் முடியுங்கள்.

ஸ்பிரிங் ரைபிள்: புகை, பெரிய சத்தம், எண்ணெய் வாடை

மடக்கி ஏற்றும் ஸ்பிரிங் ரைபிளில் இது வந்தால், சிலிண்டருக்குள் போன எண்ணெய் அழுத்தத்தின் சூட்டில் எரிகிறது. புதிதாக வாங்கியபோது கொஞ்சம் இருக்கும், அடிக்க அடிக்க நிற்கும். நீங்களே எண்ணெய் விட்டு வந்திருந்தால் உடனே நிறுத்துங்கள். தையல் மிஷின் எண்ணெய், துருவுக்கு அடிக்கும் ஸ்ப்ரே எதையும் காற்றுத் துளையில் விடக் கூடாது. சீலும் ஸ்பிரிங்கும் கெடும், வேகம் குண்டுக்குக் குண்டு மாறும்.

பெல்லட் போடாமல் சுட்டாலும் இதே கெடுதல்தான். முன்னால் அடைக்க எதுவும் இல்லாததால் பிஸ்டன் சிலிண்டர் முனையில் போய் மோதும்.

இந்த ரைபிளை மணல் மூட்டையில் இறுக்கி வைத்தாலும் சிதறும். பிஸ்டன் ஓடும்போது ரைபிள் முன்னும் பின்னும் துள்ளும், துள்ள விட வேண்டும். மூட்டை மேல் உள்ளங்கையை விரித்து, அதன் மேல் கட்டையைச் சும்மா வைத்து, தோளிலும் அழுத்தாமல் அடியுங்கள். கை வைக்கும் இடத்தைக் கட்டையில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள், ஒரு அங்குலம் மாறினாலும் குறி மாறும்.

சவுக்கு அடித்தது போல "பளீர்" சத்தம் வந்து குறியும் சிதறினால், பெல்லட் மிக லேசானது, ஒலியின் வேகமான சுமார் 340 மீட்டரைத் தொடுகிறது. அங்கே பெல்லட் நிலை தடுமாறும். கனமான ஈயப் பெல்லட்டுக்கு மாறுங்கள். பெட்டி மேல் போட்டிருக்கும் வேகத்தைப் பார்த்து வாங்குவது நல்ல வழி அல்ல.

ஸ்பிரிங் ரைபிள் இங்கே தோட்டங்களில்தான் அதிகம் இருக்கிறது என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மக்காச்சோளத்தில் மயில் இறங்கினால் எவ்வளவு வயிற்றெரிச்சல் என்று தெரியும். ஆனாலும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் பறவை அது. ஏர் கன்னுக்கு உரிமம் வேண்டாம் என்பதால் அந்தச் சட்டம் விலகாது.

.22ல் மருந்தை மாற்றினால் சரியாகுமா?

50 மீட்டர் .22க்குப் போன பிள்ளைகள் சிலர் வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு, தோட்டாவில் வெடிமருந்தை நாமே அளந்து நிரப்பலாமே என்று கேட்கிறார்கள். அந்த வீடியோக்களில் வருவது நடுவில் பிரைமர் (தீப்பற்ற வைக்கும் மூடி) உள்ள பெரிய தோட்டாக்கள். .22ல் தீப்பற்றும் கலவை பித்தளைக் கூட்டின் விளிம்புக்குள் இருக்கிறது. ஊசி விளிம்பை நசுக்கித்தான் தீ வைக்கிறது, நசுங்கிய கூடு மறுபடி உதவாது. சட்டமும் அப்படியே: 1959 ஆயுதச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவின்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிக்கக் கூடாது. குண்டைப் பிடுங்கி மருந்தைக் கூட்டிக் குறைப்பது விரலையும் கண்ணையும் பணயம் வைக்கும் வேலை. அத்தனை சின்னக் கூட்டில் மருந்து கொஞ்சம் கூடினாலும் அழுத்தம் எங்கோ போய்விடும்.

.22ல் நம் கையில் இருக்கும் தேர்வு லாட் எண் (ஒரே தடவையில் தயாரான தொகுதியின் எண்) மட்டும்தான். ஒரே பெயர், ஒரே பெட்டி, ஆனால் லாட் மாறினால் அந்தக் குழலில் குரூப் மாறும். 50 மீட்டரில் பத்து வளையம் 10.4 மி.மீ. என்பதால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். போட்டித் தோட்டாக்கள் ஒலி வேகத்துக்குச் சற்றுக் கீழேயே ஓடும்படி ஆலையில் மருந்து அளக்கிறார்கள், அந்த வேலையை அவர்களிடமே விட்டுவிடலாம். ஒரு தயாரிப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது முதல் பத்திருபது குண்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். குண்டின் மேல் பூசிய பழைய மெழுகு போய்ப் புது மெழுகு குழலில் படிய அவ்வளவு வேண்டும்.

பொருந்திய பெல்லட் கிடைத்த பிறகு

டப்பாவின் பின்புற ஸ்டிக்கரில் தலை அளவும் லாட் எண்ணும் இருக்கும். போனில் படம் எடுத்து, கடைக்காரரிடம் அதே லாட்டில் எத்தனை டப்பா இருக்கிறது என்று கேளுங்கள். ஒரு டப்பா 500 பெல்லட், 60 குண்டுப் போட்டியும் அதற்கு முன் சரிபார்க்கும் குண்டுகளும் சேர்த்தால் சீக்கிரம் தீரும். கையில் காசு இருந்தால் ஒரு சீசனுக்கு வேண்டியதைச் சேர்த்து வாங்கிவிடுங்கள். அடுத்த லாட் வரும்போது சோதனையை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும், பெயர் ஒன்று என்பதால் விட்டுவிட முடியாது. பயிற்சிக்கு உள்நாட்டுப் பெல்லட், போட்டிக்கு இந்த டப்பா என்று வைத்துக்கொள்ளலாம். போட்டிக்கு ஒரு வாரம் முன்பிருந்தே இதில் மட்டும் அடிக்கட்டும்.

பெல்லட்டை வாயில் கவ்விக்கொண்டு ஏற்றும் பழக்கம் சில பிள்ளைகளுக்கு இருக்கிறது. அன்றைக்கே நிறுத்துங்கள், அது ஈயம். அடித்து முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் டிபன் பாக்ஸைத் திறக்க வேண்டும். குண்டு பிடிக்கும் பெட்டியைக் காலி செய்யும்போது பெரியவர் ஒருவர் முகக்கவசம் போட்டுக்கொண்டு, தூசி பறக்காமல் ஈரத் துணியால் துடைக்கட்டும்.